மேனேஜருக்குப் பிடித்த மஞ்சள்

என் அக்காவின் கணவருக்குப் பயம் என்ற ஒன்றே கிடையாது என்றுதான் நாங்கள் எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தோம். கூரையில் ஒழுகினால் ஏணி வரும்வரை காத்திருக்கமாட்டார். ஜன்னல் கம்பியில் கால் வைத்து ஏறிவிடுவார். பிளக்கில் பொறி பறந்தால் நாங்கள் வாசலுக்கு ஓடுவோம், அவர் பிளக்கை நோக்கிப் போவார். அப்படிப்பட்ட மனிதர், ஒரு குழந்தை "வயிறு வலிக்குது" என்று சொன்னதற்கு வியர்த்து விறுவிறுத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றதை என் கண்ணால் பார்த்தேன். அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டுமானால் முதலில் ஆளைச் சொல்ல வேண்டும்.

அத்தானுக்குத் தொழில் குழந்தைகளுக்கான மரச் சாமான் செய்வது. கிலுகிலுப்பை, பல் முளைக்கும் குழந்தை கடிப்பதற்கு வளையம், சக்கரம் வைத்த வாத்து, ஒன்றின் மேல் ஒன்று அடுக்கும் தட்டு. தெருவில் அவருக்குக் கிலுகிலுப்பை என்று பட்டப்பெயர். தொழிலை வைத்து வந்த பெயர் என்று புதிதாக வருகிறவர்கள் நினைத்துக்கொள்வார்கள். அப்படி இல்லை, முழுக்க முழுக்கக் கிண்டல். காலையில் ஒரு வார்த்தை, சாயங்காலம் ஒரு வார்த்தை பேசினால் அதுவே அதிகம். வாடகை கேட்க வந்த வீட்டுக்காரர் அவரிடம் கொஞ்ச நேரம் பேசிவிட்டு, வீட்டில் யாரும் இல்லையா என்று கேட்டதாக அக்கா சொல்லிச் சிரிப்பாள். அவருக்கும் சேர்த்து அக்கா பேசினாள். அதிலும் ஏதாவது மிச்சம் இருந்தால் நான் பேசினேன்.

வீட்டின் பின்பக்கம் தகரக் கூரை போட்ட நீளமான அறைதான் பட்டறை. ஜன்னலை ஒட்டி கடைசல் மெஷின். அவர் கட்டையைக் கடைந்து, உப்புத்தாள் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் தடவிப் பார்ப்பார். எதிர்ச் சுவரோரம் இருந்த மேஜையில் அக்கா பெயிண்ட் அடிப்பாள். காய்ந்ததை நான் துணிப் பையில் போட்டு நாடா கட்டி அடுக்குவேன். என் வீடு அடுத்த தெருவில்தான். என் வீட்டு வேலையை முடித்துவிட்டு இங்கே வந்தால் இருட்டும்போதுதான் திரும்புவேன். பட்டறைக்கும் சமையலறைக்கும் நடுவே ஒரு கதவு உண்டு, ஆனால் அதை யாரும் சாத்தியதில்லை. மரத்தூள் அடுப்படி வரை வரும். அக்கா பெருக்குவாள், மறுபடி வரும். அதை நாங்கள் ஒரு பொருட்டாகவே நினைத்ததில்லை.

கல்யாணமாகி நெடுநாள் கழித்துப் பிறந்தவள் அவர்கள் மகள். உட்காரப் பழகியதும் அத்தான் ஒரு கிலுகிலுப்பையை அவள் முன்னால் வைத்துவிட்டுக் குத்தவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் எடுத்தாள், வாயில் வைத்தாள், தூக்கி எறிந்தாள். அவர் அதைப் போய் எடுத்துத் தடவிப் பார்த்தார். கைப்பிடியின் அடியில் நூலளவு சிலும்பு இருந்தது. தன் உள்ளங்கைக்கே தப்பியதை ஒரு குழந்தையின் வாய் கண்டுபிடித்துவிட்டதே என்று அவர் அசந்துபோனார். அன்றிலிருந்து அது வீட்டு வழக்கமாகிவிட்டது. புதிதாக எதைச் செய்தாலும், எந்த நிறம் மாற்றினாலும் முதல் உருப்படி அவள் வாய்க்குப் போகும். அவள் கீழே போடாமல் வைத்துக்கொண்டால்தான் மற்றவை செய்வார். நான்தான் அவளுக்கு மேனேஜர் என்று பேர் வைத்தேன். பை கட்டும் முன் "மேனேஜர் பாத்தாச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் கட்டுவேன். மெயின் ரோட்டில் எங்கள் சாமானை வாங்கி விற்கும் கடைக்காரரும், சொந்தக் குழந்தை வாயில் வைத்துப் பார்த்துவிட்டு விற்கிற சாமான் இது என்று வருகிறவர்களிடம் எடுத்துவிடுவார். அதைக் கேட்டவுடன் தாய்மார்கள் பேரம் பேசுவதை நிறுத்திவிடுவார்களாம்.

இனி மஞ்சளுக்கு வருகிறேன். முன்பு அடித்துக்கொண்டிருந்த மஞ்சள் செத்த மஞ்சள். எத்தனை முறை அடித்தாலும் மரத்தில் எடுக்காது. ஹார்டுவேர் கடையில் இரும்பு கேட்டுக்கும் பெயர்ப் பலகைக்கும் அடிக்கிற மஞ்சளைச் சின்ன டப்பாக்களில் பிரித்து ஊற்றி விற்றார்கள். டப்பா மேல் ஒரு எழுத்து கிடையாது. அத்தான் ஒன்று வாங்கிவந்தார். அக்கா ஒரு வளையத்துக்கு அடித்ததும் அறையே வெளிச்சமானது போல இருந்தது. காய்ந்ததும் சிவப்பு, நீலம், பச்சையோடு அதையும் தரையில் வைத்தோம். மேனேஜர் மற்ற எதையும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேராக மஞ்சளிடம் போனாள். எடுத்து வாயில் வைத்தவள் கண்ணைப் பாதி மூடிக்கொண்டு சப்பினாள். பிடுங்கினால் அழுதாள். எத்தனை தடவை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தாலும் மஞ்சள்தான். நாங்கள் மூன்று பேரும் கைதட்டினோம். நமக்குத் தெரியாதது குழந்தைக்குத் தெரிகிறது பார் என்று அக்கா பூரித்துப் போனாள். அதன்பின் எல்லாச் சாமானுக்கும் ஏதாவது ஒரு இடத்தில் அந்த மஞ்சள் ஏறிவிட்டது. கடையிலும் மஞ்சள்தான் முதலில் தீர்ந்தது. அந்த முதல் வளையம் மேனேஜருடையதாகவே தங்கிவிட்டது. தூங்கும்போதும் அது வாயில் இருக்கும்.

அவளுக்கு மூன்று வயது முடியப்போகும் சமயத்தில் கடைக்காரர் ஒருநாள் எங்கள் பட்டறைக்கே வந்தார். வழக்கமாக எங்களைத்தான் வரச் சொல்லுவார். அவரே வந்ததும் நான் கட்டிக்கொண்டிருந்த பையைக் கீழே வைத்துவிட்டு எழுந்தேன். குழந்தைகள் சாமானில் ஈயம் இருக்கக் கூடாது என்று சட்டம் வந்திருக்கிறது என்றார். சோதனைக்கூடத்தில் கொடுத்துச் சான்றிதழ் வாங்கித் தந்தால்தான் இனிமேல் கடையில் வைக்க முடியும். இல்லாவிட்டால் சரக்கை அள்ளிக்கொண்டு போவதோடு கடையையும் பூட்டிவிடுவார்கள். ஒவ்வொரு நிறத்துக்கும் தனிச் சோதனை. புது டப்பா திறந்தால் மறுபடியும் சோதனை.

ஈயம் என்றால் எனக்குத் தெரிந்தது தூண்டிலில் கட்டும் குண்டுதான். அது எங்கள் வாத்துக்குள் எப்படி வந்தது என்று நான் சண்டைக்கு நின்றேன். பெரிய கம்பெனிக்காரன் லட்சம் பொம்மையை ஒரே அச்சில் போட்டு, அதில் ஒன்றை அனுப்பிவிட்டுக் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். நாங்கள் பத்து வாத்துக்கு ஒரு நிறம், பத்து வண்டிக்கு ஒரு நிறம் என்று செய்கிறவர்கள். செய்கிற நேரத்தைவிடச் சோதனைக்கு நடக்கிற நேரம்தான் அதிகமாகும். பக்கத்துத் தெருவில் துணிப்பொம்மை தைத்த பெண் ஒருத்தி இருந்தாள். ஒரே பொம்மையில் கண்ணுக்கு மணி, முதுகில் ஜிப், சட்டையில் பட்டன். மூன்றுக்கும் தனித்தனியாகச் சான்றிதழ் கேட்டார்கள். அவள் அந்த வாரமே ஊசியை எடுத்து வைத்துவிட்டு யூனிஃபார்ம் தைக்கும் இடத்துக்கு வேலைக்குப் போய்விட்டாள். நம் கதியும் அதுதான் என்று அக்கா புலம்பினாள். எங்கள் பயமெல்லாம் அப்போது அடுப்பு எரியுமா என்ற பயம்தான். எங்கள் சாமானில் குறை இருக்கும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. மேனேஜர் பார்த்த சாமான் அல்லவா.

சோதனைக்கூடத்துக்கு அத்தான் என்னையும் கூட்டிக்கொண்டு போனார். பேசுவதற்கு ஆள் வேண்டுமே. கவுன்டரில் ஒரு இளம்பெண் எங்கள் சாமானை ஒவ்வொன்றாக எடுத்து எண் ஒட்டிக்கொண்டிருந்தாள். பெயிண்டைச் சுரண்டித்தான் சோதிப்போம், சாமான் திரும்பக் கிடைக்காது என்றாள். அத்தானின் முகம் சுருங்கியது. எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. இவ்வளவு சிரமம் எதற்கு, எங்கள் வீட்டில் இதைவிடப் பெரிய சோதனைக்கூடம் இருக்கிறது என்று ஆரம்பித்து மேனேஜர் கதையை அவளிடம் அளந்தேன். மஞ்சள் வளையத்தைப் பற்றியும் சொன்னேன். எல்லோரையும் போல அவளும் சிரிப்பாள் என்று நினைத்தேன்.

அவள் சிரிக்கவில்லை. எண் ஒட்டிக்கொண்டிருந்த கை நின்றது. "குழந்தைக்கு என்ன வயசு?" என்று கேட்டாள். சொன்னேன். எவ்வளவு காலமாக வாயில் வைக்கிறாள் என்று கேட்டாள். உட்காரத் தொடங்கியதிலிருந்து என்றேன். அவள் பேனாவை மூடிவைத்துவிட்டு என்னை விட்டு அத்தானைப் பார்த்தாள்.

"அண்ணா, பொம்மை ரிசல்ட் வர்றப்ப வரட்டும். நீங்க முதல்ல குழந்தைக்கு ரத்தம் எடுத்துப் பாருங்க."

எதற்கு என்று நான்தான் கேட்டேன். அவள் குரலைத் தாழ்த்திச் சொன்னாள். கேட்டுக்கு அடிக்கிற பளிச்சென்ற மஞ்சளிலும் சிவப்பிலும் ஈயம் கலந்திருப்பது உண்டாம். பெரியவர்களைவிடக் குழந்தைகள் உடம்பு அதை இழுத்துக்கொள்ளுமாம். ரத்தத்தில் சேர்ந்து மூளைக்குப் போகுமாம். காய்ச்சல் மாதிரி வெளியே காட்டாது, சில குழந்தைகளுக்கு வயிறு வலிக்கலாம், அவ்வளவுதான். புத்தி வளர்கிற வயதில் உள்ளே இருந்து கெடுக்கும். எல்லாவற்றையும் சொல்லிவிட்டுக் கடைசியில், "அது கொஞ்சம் இனிப்பா வேற இருக்குமாம். அதனாலதான் குழந்தைங்க விடாது" என்றாள்.

அத்தான் பக்கத்தில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். கண்ணைப் பாதி மூடிக்கொண்டு மேனேஜர் சப்பியதும் நாங்கள் கைதட்டியதும் ஒன்றாக என் கண்முன் வந்து நின்றன. நாங்கள் வைத்த பரீட்சையில் எது தேறியது என்று அப்போதுதான் உறைத்தது.

பஸ்ஸில் வரும்போது அவர் காலிப் பையை மடியில் மடித்து மடித்து வைத்துக்கொண்டிருந்தார். உங்க அக்காவிடம் இப்போது சொல்லாதே என்று மட்டும் சொன்னார். சரி என்றேன். ஆனால் வீட்டு வாசலில் மேனேஜர் வளையத்தை வாயில் வைத்துக்கொண்டு, தூக்கச் சொல்லி இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நின்றாள். அவர் அவளைத் தூக்கவில்லை. வாயிலிருந்து வளையத்தைப் பிடுங்கி சாக்கடையைப் பார்த்து வீசினார். அவள் வீறிட்டாள். ஒருநாளும் அவளை அதட்டாத மனிதருக்கு என்ன வந்தது என்று அக்கா ஓடிவந்தாள். அதற்குமேல் மறைக்க முடியவில்லை. நான்தான் சொன்னேன். அக்கா கேட்டு முடித்ததும் என்னைப் பார்த்து, "நான்தானேடி அடிச்சேன்" என்றாள். அன்றிலிருந்து அந்த வீட்டில் எல்லாம் தலைகீழாகிவிட்டது. ஓயாமல் பேசுகிறவள் ஊமையானாள். பேசாதவர் பேசத் தொடங்கினார்.

மறுநாள் காலையிலேயே ரத்தம் எடுத்தோம். அந்தச் சின்னக் கையில் நரம்பு கிடைக்காமல் இரண்டு இடத்தில் குத்தினார்கள். அதைப் பார்த்துக்கொண்டு நின்றதுகூடப் பெரிதில்லை, முடிவு வரும்வரை காத்திருந்ததுதான் கொடுமை. அந்த நாட்களில் அவர் குழந்தையைவிட்டு அகலவில்லை. "இது என்ன? அது என்ன? இது என்ன கலரு? நாய் எப்படிக் குரைக்கும்?" கேள்வி மேல் கேள்வி. அவள் பதில் சொன்னால் மூச்சு விடுவார். சொல்லாமல் வேறு பக்கம் பார்த்தால் அவர் முகம் வெளுத்துவிடும். மேனேஜர் ஏற்கெனவே கொஞ்சம் பேச்சுக் குறைந்தவள். இரண்டு வயதில் அம்மா, அப்பா, சித்தி, வேணாம் என்று விரல்விட்டு எண்ணக்கூடிய அளவில்தான் பேசினாள். அப்பனை உரித்து வைத்திருக்கிறாள், இவளும் ஒரு கிலுகிலுப்பை என்று தெருவே சிரித்தது. நாங்களும் சிரித்தோம். இப்போது அந்தச் சிரிப்புதான் நினைவுக்கு வந்தது. அப்பா ஜாடையா, அல்லது அந்த மஞ்சளா? யாரிடம் போய்க் கேட்பது?

ஒருநாள் அவரைக் காணோம் என்று தேடினேன். எதிர்வீட்டு ஜன்னலுக்கு வெளியே தலையைக் குனிந்துகொண்டு நின்றிருந்தார். உள்ளே அந்த வீட்டுப் பெண்குழந்தை பேசிக்கொண்டிருந்தது. அதற்கும் மூன்று வயதுதான். அது எத்தனை வார்த்தை பேசுகிறது என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். நான் தோளைத் தொட்டதும், "பூராவும் பேசுதும்மா" என்றார். வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்தேன்.

அன்றைக்கு மாலையில்தான் மேனேஜர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வலிக்கிறது என்றாள். குழந்தைகள் எத்தனை தடவை சொல்வார்கள். அவரோ சுவரைப் பிடித்துக்கொண்டார். சட்டை நனைந்து முதுகில் ஒட்டிக்கொண்டது. அவள் கக்கூஸ் போய்வந்து சரியாகிவிட்டாள். அவருக்கு இரவெல்லாம் சரியாகவில்லை என்று அக்கா மறுநாள் சைகையில் சொன்னாள்.

முடிவு வந்தது. குழந்தைகள் டாக்டர் நிதானமான அம்மா. தாளைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். அதைக் கழற்றியதுமே எங்களுக்குத் தெரிந்துவிட்டது. இருக்கக் கூடாதது இருக்கிறது, இருப்பதும் கொஞ்சமில்லை என்றார். ஆஸ்பத்திரியில் சேர்க்கும் அளவு இல்லை. இனிமேல் துளிகூட உள்ளே போகாமல் பார்த்துக்கொண்டால் மெதுவாக இறங்கும். நல்ல சாப்பாடு, இரும்புச்சத்து, சில மாதம் கழித்து மறுபடி சோதனை. அத்தான் கேட்க நினைத்தது அது இல்லை. அவரே கேட்டார்.

"இதுவரைக்கும் போனது என்னம்மா பண்ணியிருக்கும்?"

"அதை இன்னைக்கு யாராலயும் சொல்ல முடியாதுங்க. ஸ்கூல் போனப்புறம் தெரியலாம். சிலருக்குத் தெரியாமலே போயிடும். அது இல்லாட்டி எப்படி இருந்திருப்பாள்னு பாக்க நமக்கு இன்னொரு குழந்தை இல்லையே."

அந்த டாக்டர் பொய் சொல்லியிருக்கலாம் என்று எனக்கு அன்று கோபம். இப்போது இல்லை.

சோதனைக்கூடத்துத் தாளும் அதே வாரம் வந்தது. நீலம், பச்சை தேறின. சிவப்பு எல்லையை ஒட்டி நின்றது. மஞ்சள் எல்லையைத் தாண்டி எங்கோ போயிருந்தது. பூச்சு சரியில்லாத மஞ்சள் உருப்படிகளை அவர் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மறுபடி அடிப்பது வழக்கம். அந்தத் தூள்தான் அடுப்படி வரை வந்தது. மேனேஜரை என் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டேன். துடைப்பம் போட்டால் தூள் பறக்கும் என்று சோதனைக்கூடத்துப் பெண் சொல்லியிருந்ததால் அக்காவும் அத்தானும் ஈரத்துணியால் சுவர், ஜன்னல் கம்பி, பாத்திரத்தின் அடி என்று இஞ்ச் இஞ்சாகத் துடைத்தார்கள். சாயங்காலம் குளித்து உடை மாற்றிக்கொண்டு அவர் என் வீட்டு வாசலுக்கு வருவார். அவள் ஓடிப்போய் காலைக் கட்டிக்கொள்வாள். அவர் கையைப் பின்னால் மறைத்துக்கொள்வார். நன்றாகத் தேய்த்துக் குளித்துவிட்டுத்தானே வந்தீர்கள், தூக்குங்கள் என்று நான் அதட்டினால்தான் தூக்குவார்.

நான் திட்டிய சட்டத்தை இப்போது திட்ட முடியவில்லை. அது மட்டும் வராமல் இருந்திருந்தால் இன்றும் கைதட்டிக்கொண்டிருப்போம். ஆனால் என் கோபமும் முழுதாகத் தீரவில்லை. வளையம் செய்கிறவனிடம் சான்றிதழ் கேட்கிற சட்டம், எழுத்தே இல்லாத டப்பாவில் அந்த மஞ்சளை ஊற்றி விற்றவனிடம் ஏன் ஒன்றும் கேட்கவில்லை? அந்த ஹார்டுவேர் கடைக்குப் போய்ச் சண்டை போட்டேன். கேட்டுக்கு அடிப்பதைக் குழந்தைக்கு அடித்தால் நான் என்ன செய்வது என்று அவன் என்னையே மடக்கினான்.

மெயின் ரோட்டுக் கடைக்காரரிடம் தாளைக் காட்டினோம். அவர் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். கடையில் மிச்சமிருக்கும் மஞ்சளை எடுத்துக்கொண்டு போய்விடுங்கள், விற்றுப்போனதைப் பற்றி மூச்சுவிடாதீர்கள் என்றார். விற்றதில் உங்கள் பேரும் இல்லை, என் பேரும் இல்லை. யார் வந்து கேட்கப்போகிறார்கள்? கேட்டால் இரண்டு குடும்பமும் நடுத்தெருவுக்கு வரும். அவர் சொன்னது கெட்ட எண்ணத்தில் இல்லை, அவருக்கும் பயம்தான். வீட்டுக்கு வந்ததும் அக்கா பல நாள் கழித்து வாயைத் திறந்து அதையேதான் சொன்னாள். நம் குழந்தைக்கு ஆனதே போதும், ஊர்க்காரர்கள் வந்து வாசலில் நின்றால் தாங்க மாட்டேன் என்று அழுதாள்.

அத்தான் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு அக்காவிடம் மெதுவாகச் சொன்னார்: "நமக்குத் தெரிஞ்சதால இவளுக்கு நின்னுச்சு. அவங்களுக்கு யாரு சொல்லுவா? இந்நேரம் வாயிலதான் வெச்சிருக்கும்." அக்கா அழுகையை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தாள். அந்த வீட்டில் அவ்வளவு நீளமாக அவர் பேசி நாங்கள் கேட்டதில்லை.

கடைக்காரர் முணுமுணுத்துக்கொண்டே ஒரு தாளில் அறிவிப்பு எழுதி ஒட்டினார். எவன் கண்ணிலும் படாத மூலையாகப் பார்த்து ஒட்டியிருந்தார். நான் அதைப் பிய்த்து வாசலில் ஒட்டிவிட்டு வந்தேன். கடையிலிருந்து போனவை எந்த ஊருக்கு, எந்த வாய்க்குப் போயின என்று எங்களுக்குத் தெரியாது. அதை நினைத்தால் இன்றும் தூக்கம் கெடுகிறது. எங்கள் வாசலிலேயே வந்து வாங்கிய சுற்றுத் தெருக்காரர்களை மட்டும் தெரியும். அவர்கள் வீடு வீடாகப் போவது என்று முடிவாயிற்று. பேச நான், கூட நிற்க அவர்.

இன்று மேனேஜர் பள்ளிக்கூடம் போகிறாள். இரண்டாம் சோதனையில் அளவு இறங்கியது, அதற்கடுத்ததில் இன்னும் இறங்கியது. பேசுகிறாள், பாடுகிறாள். கூட்டல் கணக்கில் கொஞ்சம் தடுமாறுகிறாள். நானும்தான் அந்த வயதில் தடுமாறினேன். ஆனால் அவள் யோசிக்கும் அந்தக் கொஞ்ச நேரம் அத்தான் மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பட்டறையில் இப்போது பெயிண்டே கிடையாது. மரத்தைத் தேய்த்து மெழுகு போட்டுக் கொடுக்கிறோம், அதற்கும் சோதனைத் தாள் வைத்திருக்கிறோம். வியாபாரம் முன்போல ஓடவில்லை, ஏதோ ஓடுகிறது. இதையெல்லாம் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். நாங்கள் வீடு வீடாகப் போன அந்த வாரத்தில் பார்த்த ஒரு வீட்டைப் பற்றிச் சொன்னபின் எனக்கு வேறு எதுவும் சொல்ல ஓடாது.

சில வீடுகளில் சாமான் எப்போதோ உடைந்து குப்பைக்குப் போயிருந்தது. ஒரு வீட்டில் கதவை முகத்தில் சாத்தினார்கள். ஒரு வீட்டுப் பெரியவர், எங்கள் காலத்தில் எதைத்தான் கடிக்கவில்லை, போங்கள் என்று சிரித்தார். அவர் மருமகள் உள்ளிருந்து ஓடிவந்து கிலுகிலுப்பையை என் கையில் திணித்தாள். நான் ஒவ்வொரு வாசலிலும் மனப்பாடமாகச் சொன்னேன். பெயிண்டில் குறை இருக்கிறது, சாமானைக் கொடுத்துவிடுங்கள், குழந்தையை டாக்டரிடம் காட்டுங்கள். சொல்லச் சொல்ல எனக்கு வாய் பழகிவிட்டது. அத்தான் பக்கத்தில் தலையைக் குனிந்துகொண்டு நிற்பார்.

தெருக்கோடியில் மாடியில் ஒரு சின்னக் குடும்பம். புருஷன் வேலைக்குப் போயிருந்தான். அந்தப் பெண் இடுப்பில் பையனோடு கதவைத் திறந்தாள். பிறந்து ஒரு வருஷம் தாண்டியிருக்கும், கொழுகொழுவென்று இருந்தான். எங்களைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பு. நான் வாயைத் திறப்பதற்குள் அவளே பேசினாள்.

"நானே வரணும்னு இருந்தேன். உங்க வளையம்தான் இவனுக்கு உயிரு. ஆனா கலர் சுத்தமா போயிடுச்சு, மாத்தித் தருவீங்களா?"

உள்ளே போய் எடுத்துவந்து என்னிடம் நீட்டினாள். அது மஞ்சள் வளையம் என்று எனக்குத் தெரியும். என் கையால் பையில் போட்டுக் கொடுத்தது. இப்போது அதில் மஞ்சள் ஒரு பொட்டுகூட இல்லை. வெறும் மரம். சுற்றிலும் சின்னச் சின்னப் பல்தடம், எச்சில் ஈரம். மனப்பாடம் செய்ததெல்லாம் எனக்கு மறந்துபோயிற்று. அத்தான் அதை என் கையிலிருந்து வாங்கி, ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்துச் சொன்னார்.

"கலர் எங்கயும் போகலம்மா. புள்ள வயித்துக்குள்ள போயிருக்கு. அந்தப் பெயிண்ட்ல ஈயம் இருந்துச்சு, எங்களுக்குத் தெரியல. எங்க பொண்ணுக்கும் போயிருக்கு. நாளைக்குக் காலையில நான் வரேன், ரத்தம் எடுத்துப் பாத்துடலாம்."

அவள் திட்டுவாள் என்று நின்றோம். திட்டினால் நன்றாக இருந்திருக்கும். அவள் அப்படியே தரையில் உட்கார்ந்து பையனை மடியில் கிடத்தினாள். தோளில் கிடந்த துண்டின் நுனியை விரலில் சுற்றி அவன் வாய்க்குள் விட்டு நாக்கைத் துடைத்தாள். எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். மறுபடி விட்டுத் துடைத்தாள். விளையாட்டு என்று நினைத்துப் பையன் கையைக் காலை உதைத்துக்கொண்டு சிரித்தான். அவள் துடைப்பதும் துணியைப் பார்ப்பதும் மறுபடி துடைப்பதுமாக இருந்தாள்.